முரசுக்கு முந்திய கண்ணீர்

வேட்டைக்குப் போன ராஜா, யாரோ எய்த அம்பில் செத்துப்போனார். சாவுச் சேதியை முதலில் முரசுதான் சொல்லவேண்டும் என்பது அந்தக் கோட்டை வழக்கம். முரசு அதிர்ந்ததும் சனம் கதறியது. பல்லக்கு தூக்கும் ஒச்சன் மட்டும் பிந்தி அழுதான்.

“இவன் துரோகி, இளவரசே! கழுவில் ஏற்றவேண்டும்” என்றார் மந்திரி. கழுவும் நட்டாயிற்று.

ஒச்சன் கும்பிட்டான். “சாமி, காதில் விழுந்தது நெஞ்சில் இறங்க ஆளுக்கு ஆள் நேரம் மாறும். எனக்குக் கொஞ்சம் தாமதம். ஆனால் சட்டென்று அழுகிறவருக்கும் முரசைக் கேட்ட பிறகுதானே அழுகை வரும்? மந்திரி ஐயா பல்லக்கில் ஏறும்போதே அழுதார். தூக்கிய நாலு பேரும் பார்த்தோம். முரசு அப்புறம்தான் அடித்தது.”

இளவரசர் மந்திரி பக்கம் திரும்பினார். “உமக்கு யார் சொன்னது?”

எல்லாருக்கும் முந்தி அழுதவர், எல்லாருக்கும் முந்தி வாசலுக்கு ஓடப் பார்த்தார்.

நட்ட கழு வீணாகவில்லை.