குழியிடம் விடைபெறப் போன கரடி

செம்பாறைக் காட்டில் கரியாண்டி என்றொரு கரடி இருந்தது. அதற்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். பூவைத் தின்பதில் குற்றமில்லை, எல்லாக் கரடியும் தின்கிறதுதான். ஆனால் இந்தக் கரடிக்குப் பாறைக்குழியில் விழுந்து, கோடைமழை நீரில் ஊறி, வெயிலில் நுரைத்துப் புளித்த பூச்சாறுதான் வேண்டும்.

காலையில் ஒரு வாய் குடிக்கும். தலை கிறுகிறுக்கும். பிறகு கரையான் புற்றைப் பார்த்து, "என்ன மச்சான், சௌக்கியமா?" என்று கேட்கும். புற்று பதில் சொல்லாது. உடனே கோபித்துக்கொண்டு அதனுடன் சண்டைக்குப் போகும்.

குடியை விட வேண்டும் என்று அதற்கும் ஆசைதான். தினமும் விட்டது!

"இன்னியோட சரி! ஆனா இத்தனை நாள் பழகின குழி. சொல்லாமக் கொள்ளாம விட்டுட்டா மரியாதையா இருக்குமா? போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுவோம்" என்று கிளம்பும். போன இடத்தில் வெறும் வாயோடு விடைபெற முடியுமா? ஒரு வாய் குடிக்கும். இப்படியே இரண்டு கோடை விடைபெற்றது.

கரடியின் மனைவி கோபித்துக்கொண்டு எப்போதோ போய்விட்டது. ஒருநாள் கரடி போதையில் தள்ளாடி வந்து, எதிரே வந்த உருவத்தைக் கட்டிப்பிடித்தது.

"கோவிச்சுக்காத புள்ள, வீட்டுக்கு வா!"

"ஐயோ அண்ணே, நான் உங்க பொண்டாட்டி இல்ல! முள்ளம்பன்றி கூராயி! விடுங்க! எனக்கு ஒண்ணுமில்ல, உங்களுக்குத்தான் குத்தும்!"

குத்தியது. முள்ளையெல்லாம் பிடுங்கி முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. அதற்குள் போதையும் தெளிந்துவிட்டது. கரடி தேம்பித் தேம்பி அழுதது.

"என்னால தனியா முடியல, தங்கச்சி."

இரண்டு வருடத்தில் அது பேசிய முதல் உண்மை அதுதான்.

"தனியா எதுக்கு? காலையில நான் கூட வரேன். குழிப் பக்கம் திரும்பினீங்க, பின்னால ஒரு குத்து!"

சொன்னபடியே கூராயி வந்தது. முதல் பத்து நாளில் கரடியின் பின்புறம் சல்லடையாகிவிட்டது. போகப் போகக் குத்துக் குறைந்தது. அடுத்த கோடையில் இலுப்பை பூத்தபோது கரடி மரத்தடியில் புதுப் பூவை மட்டும் தின்றுவிட்டுத் திரும்பியது.

அதற்குள் காட்டின் இளசுகளுக்குக் குழி பிடித்துப்போயிருந்தது. கரடி குழிக்குப் போகும் வழியிலேயே உட்கார்ந்துகொண்டு அவற்றை மறித்துப் பேச ஆரம்பித்தது. அந்த வேலைக்கு அதைவிடத் தகுதியானவர் யார்? உலகத்திலுள்ள சாக்கெல்லாம் அதற்கு மனப்பாடம்!

"மாமா, நான் சும்மா தண்ணி..." என்று இழுக்கும் ஒரு குரங்கு.

"ஆறு அந்தப் பக்கம் இருக்கு. அடுத்தது?"

"காலு சுளுக்கு மாமா. மருந்துக்கு ஒரு வாய்..."

"சுளுக்கை நானே மூணு தடவை சொல்லிட்டேன். புதுசா ஏதாவது சொல்லு!"

குரங்கு தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போகும்.

உறுமன் என்ற இளம் காட்டுப்பன்றிதான் கரடிக்குப் பெரிய கவலை. வளர்ந்துவிட்டான் என்று கூட்டம் அவனைத் துரத்திவிட்டது. தனிமை தாங்காமல் குடித்தான். குடித்தால் வீரம் வந்துவிடும். "எங்கடா அந்தச் சிறுத்தை? ஒரு கை பாக்கறேன்!" என்று கத்துவான். இந்தக் கோடையில் புதிதாக வந்த சிறுத்தை தொலைவில் இல்லை. குழிக்கு மேலே உள்ள பாறையில்தான் படுத்திருக்கும். போன மாதம் இப்படிக் கத்திய ஒரு வீரனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தது.

கரடி கெஞ்சிக் கூத்தாடி உறுமனை மூன்று நாள் குடிக்காமல் வைத்திருந்தது. நான்காம் நாள் காலையில் அவனைக் காணோம்.

"குழிக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்னு போனான்" என்றது குரங்கு.

கரடி துள்ளி எழுந்தது. கூராயியின் வளைக்கு ஓடியது. கூராயி அன்றுதான் குட்டி போட்டிருந்தது.

"என்னால வர முடியாதே! யாரையாவது கூட்டிட்டுப் போங்க அண்ணே. தனியாப் போகாதீங்க!"

"நானா? நான் ஊருக்கே புத்தி சொல்றவன்!" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தனியாகவே போனது.

குழியோரம் உறுமன் குடிக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தான். "டேய், வாடா!" என்று கத்த வாயைத் திறந்தது கரடி. வாசனை மூக்கில் ஏறியது. கால்கள் தாமாகவே நடந்தன.

"தம்பி, இதோட கெடுதலை உனக்கு விளக்கணும். விளக்கணும்னா ருசி ஞாபகம் இருக்கணும். ஒரே ஒரு நக்கு..."

உறுமன் திகைத்துப்போனான். "மாமா, அது சாக்கு! நல்ல சாக்குகூட இல்ல!"

கரடியின் காதில் எதுவும் விழவில்லை. அது நாக்கை நீட்டியது. மேலே பாறையில் சிறுத்தை எழுந்து சோம்பல் முறித்தது.

போதை இல்லாமல் உறுமன் அதைப் பார்ப்பது அதுவே முதல் முறை. இரண்டடி பின்வாங்கினான். ஓடிவிடலாம். ஓடினால் மாமா?

தலையைத் தாழ்த்தினான். ஓடிவந்து கரடியின் பின்புறத்தில் ஒரே முட்டு!

இருவரும் சரிவில் முள்ளும் மண்ணுமாக உருண்டு ஓடையில் போய் விழுந்தார்கள். சிறுத்தை எட்டிப் பார்த்தது. போதையில் தனியாகக் கிடப்பவன்தான் அதற்குத் தீனி. முழு நினைவோடு இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நின்றால் மேலே பாய அதற்கென்ன பைத்தியமா? திரும்பிப் படுத்துக்கொண்டது.

மறுநாள் இளசுகள் வழக்கம்போல் கரடி மறிக்கும் வழியில் கூடின. கரடி நினைத்திருந்தால் மறைத்திருக்கலாம். அது எழுந்து நின்றது.

"நேத்து நான் குடிக்கப் போயிட்டேன். நாக்கு குழியைத் தொடப்போச்சு. இவன் முட்டலேன்னா நான் இன்னிக்கு உங்க முன்னால நின்னிருக்க மாட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. இதுவரை வாயே திறக்காத ஓர் இளமான் பின்னாலிருந்து மெல்ல முன்னே வந்தது.

"நானும் தினம் போறேன், மாமா. யார்கிட்டயும் சொன்னதில்ல."

கரடி நகர்ந்து உட்கார்ந்து அதற்கு இடம் கொடுத்தது. உறுமன் அதன் மறுபக்கம் வந்து உட்கார்ந்தான்.

தன் சறுக்கலை மறைக்காமல் சொல்பவரால்தான் சறுக்கியவரைத் தூக்கிவிட முடியும். தூக்கிவிடுபவருக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டும்.