காணாமல் போன அரை லிட்டர்

அன்று கொட்டகையில் இருந்தவர்கள் நான்கு பேர். டீச்சர் சிந்தாமணி. தராசு ரிப்பேர் செய்யும் கோதண்டபாணி. அவர் மனைவியின் அண்ணன், பழைய இரும்புக் கடை சென்னியப்பன். தன் ஜீப்புக்கு அடியில் படுத்திருந்த அல்போன்ஸ். அவருடைய கால்கள் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

"டீச்சர், என் ஆயிலை எடுத்தது யாருங்க?" என்றார் கோதண்டபாணி.

டீச்சர் பழைய தகடு ஒன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"இன்னொருக்கா கேளுங்க."

கோதண்டபாணிக்கு விளங்கவில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்கள் வண்டி வேலை பழக ஞாயிற்றுக்கிழமைகளில் டீச்சரின் அந்தக் கொட்டகைக்கு வருவார்கள். அவரவர் வண்டியை அவரவர் கையால்தான் பார்க்க வேண்டும். அடுத்தவர் வண்டியைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. டீச்சரும் ஸ்பேனரைத் தொடமாட்டார். கேட்டால் சொல்வார். கேட்டதற்கு மட்டும்.

கோதண்டபாணி டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். இருந்தாலும் அவர் முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

அவருடைய கார் சிவப்பு. கூரை கிடையாது. இரண்டே சீட்டு. அறுபது வருஷத்துக்கு முந்திய ஸ்போர்ட்ஸ் கார். மலை ஏறினால் ஆயில் கொதித்துவிடும். அந்தச் சூட்டைத் தணிக்க ஓர் ஆயில் கூலர் வேண்டும். புதிது எங்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் அதைக் கொண்டுவந்தவர் சென்னியப்பன்தான். போன வாரம் கடைக்கு உடைக்க வந்த ஒரு காரிலிருந்து கழற்றி, துண்டில் சுற்றி எடுத்து வந்தார்.

"மாப்ள, இது உங்களுக்கு ஆகுமா பாருங்க."

பல வருஷம் கழித்து அவர் பேசிய முதல் பேச்சு அது. அதற்கு முன் இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்டது கடைவீதியில். "உங்க தராசு பொய் சொல்லுது மச்சான்" என்று கோதண்டபாணி நாலு பேர் முன்னால் சொல்லியிருந்தார். அதோடு அண்ணன் தங்கை வீட்டுப் படி ஏறவில்லை.

இன்றைக்கு கோதண்டபாணியின் மனைவி நாகாத்தாள் அண்ணனுக்கு விருந்து வைக்க விடியும் முன்பே கோழிக்குச் சொல்லியிருந்தாள். "ரெண்டு பேரும் அந்தக் காருலயே வந்து எறங்கோணும்" என்று கணவனிடம் கறாராகச் சொல்லியனுப்பியிருந்தாள்.

கோதண்டபாணி கூலரை மண்ணெண்ணெயில் கழுவினார். வெயிலில் காயவைத்தார். மறுபடி கழுவினார், மறுபடி காயவைத்தார். பிறகு ரேடியேட்டருக்கு முன்னால் பொருத்தி, இரண்டு ஹோஸையும் முடுக்கினார். கடையிலிருந்து கொண்டுவந்த சொந்த அளவைக் குவளையால் ஆயிலை அளந்து, என்ஜினில் ஆயில் மட்டம் பார்க்கும் குச்சியின் மேல் கோடு வரைக்கும் ஊற்றினார். என்ஜினை ஓடவிட்டார். நிறுத்தினார். குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தார்.

குச்சியை உருவிப் பார்த்தால் அரை லிட்டர் குறைகிறது.

வண்டிப் பக்கத்தில் சென்னியப்பன் மட்டும் நின்றிருந்தார். அவர் விரலில் ஆயில்.

"காருக்கு அடியில பேப்பர் விரிச்சுப் பார்த்தேனுங்க டீச்சர். ஒரு சொட்டு இல்லை. புகையும் வரலை. ரேடியேட்டர் தண்ணி சுத்தமா இருக்குது. அப்ப யாரோ எடுத்திருக்கோணும். யாருங்க?"

"இன்னொருக்கா கேளுங்க."

டீச்சருக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தார். குரலை உயர்த்தினார்.

"என் ஆயிலை யாரு எடுத்தது?"

"இன்னொருக்கா."

நாலு தடவை கேட்கணும் என்று ஏதாவது கணக்கோ? அடுத்த தடவை மெதுவாக, பணிவாகக் கேட்டுப் பார்த்தார். டீச்சர் தகட்டைத் திருப்பி மறுபக்கம் சுரண்ட ஆரம்பித்தார்.

இவரிடம் கேட்டுப் பயனில்லை என்று கோதண்டபாணி மச்சான் பக்கம் திரும்பினார்.

"உங்க கையில ஆயில் எப்படி வந்துச்சு?"

"அந்தக் குச்சியை உருவிப் பார்த்தேன் மாப்ள."

"எதுக்கு?"

"ஆளாளுக்கு உருவி உருவிப் பார்க்கறீங்களே, அதுல அப்படி என்னதான் தெரியுதுன்னு."

ஜீப்புக்கு அடியிலிருந்த கால்கள் அசைந்தன. அல்போன்ஸ் முழுசாக வெளியே வந்தார். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார். "நான் போய் நாலு டீ வாங்கிட்டு வந்தர்றேன்" என்று நழுவினார்.

"அரை லிட்டர் குறையுது மச்சான்."

"எங்கிட்டயா குறையுது?"

"நான் யாரையும் சொல்லலை. அளந்து பார்த்த கணக்கைச் சொல்றேன்."

"அன்னைக்கும் இதேதான் சொன்னீங்க."

சென்னியப்பன் தன் மஞ்சள் பையைக் காரின் என்ஜின் மூடியின்மேல் தலைகீழாகக் கவிழ்த்தார். வெற்றிலைப் பொட்டலம் விழுந்தது. கண்ணாடிக் கூடு விழுந்தது. நெய் கசிந்த ஒரு அல்வாப் பொட்டலம் விழுந்தது.

வெற்றிலையையும் கூட்டையும் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். அல்வாவை எடுக்கவில்லை.

"தங்கச்சிகிட்டக் குடுத்துருங்க. வேணும்னா நிறுத்துப் பார்த்துட்டுக் குடுங்க."

வெளியே அவருடைய மொபெட் கிளம்பும் சத்தம் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் இல்லை.

கோதண்டபாணி அல்வாவைப் பார்த்தார். காரைப் பார்த்தார். அந்தப் பையில் ஆயில் இல்லை. தரையில் இல்லை. புகையிலும் இல்லை. சந்தேகப்பட இனி ஆளும் இல்லை.

டீச்சருக்கு முன்னால் கவிழ்த்து வைத்திருந்த டப்பாவின்மேல் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்ப ஆயில் எங்கதானுங்க போச்சு?"

டீச்சர் சுரண்டியைக் கீழே வைத்தார்.

"கூலரைக் கழட்டுங்க."

"அது ஒழுகலைங்களே?"

"கழட்டுங்க."

ஒன்றும் புரியாமல்தான் எழுந்தார். ஹோஸ் இரண்டையும் கழற்றினார். கூலரின் வாய் இரண்டும் மேல்பக்கம் இருந்தன. துணி வைத்து அடைத்தார். நட்டுகளைத் தளர்த்தினார். காலையில் எடுத்து மாட்டியதைப் போலவே ஒற்றைக் கையால் தூக்கினார்.

கை தாழ்ந்தது.

வாழ்நாளெல்லாம் தராசுப் படிக்கல் தூக்கிப் பார்த்த கை. இன்னொரு கையையும் அடியில் கொடுத்தார். அப்படியே நின்றார்.

"இதுக்குள்ள அரை லிட்டர்" என்றார். சற்றுக் கழித்து, "அதுக்கு மேலயும் கொஞ்சம்" என்றார்.



அல்போன்ஸ் கம்பித் தூக்கில் டீயோடு உள்ளே வந்தார்.

"எங்கே உங்க மச்சான்? அவருக்குன்னு சக்கரை இல்லாமப் போடச் சொன்னேன்."

டீச்சர் ஒன்றை எடுத்துக்கொண்டார். அல்போன்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டார். கோதண்டபாணி கூலரை இறக்கி வைத்துவிட்டு, தன்னுடையதை எடுத்தார்.

மீதி ஒன்று.