பிளெத்னிகோவின் பெயரில் வந்த கவிதை

ஒரு கவிதை அச்சானால் ஒரு மனிதன் பிழைப்பான், ஆகாவிட்டால் செத்துப்போவான் என்றால் சிரிப்பீர்கள். சிரிப்பைக் கொஞ்சம் ஒத்திவையுங்கள். கடைசியில் உங்களிடம்தான் தீர்ப்புக் கேட்கப் போகிறேன்.

ஜார் ஆட்சிக் காலத்தில் பீட்டர்ஸ்பர்க் நகரவாசிகள் ஆண்டு மலர்கள் என்றால் உயிரை விடுவார்கள். கதையும் கவிதையுமாகக் கையடக்கமான ஒரு புத்தகம், புத்தாண்டுப் பரிசாகக் கைமாறும். புத்தாண்டு தாண்டிக் கடைக்கு வந்தால் அதைச் சீண்ட ஆள் இருக்காது. அப்படி ஒரு மலர்தான் 'குளிர்கால விளக்கு'. அதன் ஆசிரியர் ஸசேகின் நல்ல மனிதர், ஆனால் தன் நிழலுக்கே பயப்படுவார். அதில் எழுதியவர்களில் நிகிதா தல்மாத்தோவை அடித்துக்கொள்ள ஆளில்லை. கடைசி இடம் பிளெத்னிகோவுக்கு. பிளெத்னிகோவின் கவிதைகளை விருந்துகளில் மூக்கால் படித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பது நிகிதாவின் வழக்கம். பிளெத்னிகோவும் கூட உட்கார்ந்து சிரிப்பான். பாவம், வேறென்ன செய்வான்?

பிறகு ஜாரை எதிர்த்து ஒரு கலகம் நடந்து, அன்று மாலைக்குள் அடங்கியும் போயிற்று. நிகிதா அதில் மாட்டிக்கொண்டான். பிரபுப் பட்டம் பறிபோய், காலில் விலங்கோடு சைபீரியச் சுரங்கத்துக்குப் போனான். அவன் பெயர் இனி அச்சில் வரக்கூடாது என்று உத்தரவு. அவன் மனைவி அக்ரஃபேனா எல்லாவற்றையும் உதறிவிட்டுப் பின்னாலேயே போய், சிறைக்கு வெளியே ஒரு மரக்குடிலில் குடியேறினாள்.

அங்கே கைதி பேனாவைத் தொடக்கூடாது. அவனுக்காக மனைவிதான் கடிதம் எழுதுவாள். சிறைத் தலைவர் படித்த பிறகே அது தபாலில் போகும். கணவனும் மனைவியும் சந்திக்கும்போது நடுவில் ஒரு அதிகாரி உட்கார்ந்திருப்பார். பிரபுக்கள் பழகிய பிரெஞ்சில் பேசக்கூடாது. அவருக்குப் புரிகிற ருஷ்ய மொழியில்தான் பேச வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் நிகிதா அவளிடம் ஒரு கவிதை சொன்னான். உறைந்த ஆற்றுக்கு அடியில் ஓடும் தண்ணீரைப் பற்றியது. பேச்சுவாக்கில் சொல்வதுபோல் சொன்னான். வானிலை பேசுகிறார்கள் என்று நினைத்து அதிகாரி கொட்டாவி விட்டார். அக்ரஃபேனாவைத் தவிர வேறு யாரும் அதைக் கவிதையென்று கேட்டதில்லை. சக கைதிகளிடம்கூட அவன் மூச்சு விடவில்லை.

அடுத்த குளிர்காலத் தொடக்கத்திலேயே அவன் ஒடிந்துபோனான். "எல்லாரும் என்னை மறந்துட்டாங்க அக்ரஃபேனா. நீயும் போயிடு," என்றான். அதன்பின் வாய் திறக்கவில்லை, சாப்பாட்டையும் பேருக்குத்தான் தொட்டான். இப்படியே போனால் வசந்தத்தைப் பார்க்க மாட்டான் என்று மருத்துவர் கையை விரித்தார்.

அவனிடம் சொல்லாமல் அவள் ஸசேகினுக்கு எழுதினாள். கவிதை வரிகளை மடக்காமல், ஊர்ச் செய்திபோல ஓடவிட்டு எழுதினாள். முடிவில், "நம் பழைய மூன்று நட்சத்திரங்களை நினைத்துக்கொள்கிறேன்," என்றாள். சொல்லக்கூடாத பெயருக்குப் பதிலாக மலர்களில் மூன்று நட்சத்திரம் போடுவது வழக்கம். ஸசேகினுக்குப் புரிந்துவிட்டது. சிறைத் தலைவருக்குப் புரியவில்லை.

ஆனால் அந்த ஆண்டு தணிக்கைக்குப் புது உத்தரவு வந்திருந்தது. தணிக்கையாளர் நட்சத்திரங்களின் மேல் விரலை வைத்தார்.

"இது யாருது? பேர் இல்லைன்னா மலரே வெளிவராது."

ஸசேகின் வெளிறிப்போய், அந்தப் பக்கத்தை அடித்துவிடப் பேனாவை எடுத்தார். கூட வந்திருந்த பிளெத்னிகோவ் முன்னால் வந்தான்.

"என்னுதுங்க."

தணிக்கையாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "உங்களுதா?"

"ஏன், எனக்கு ஒரு தடவையாவது நல்லா வரக்கூடாதா?"

மலர் வெளிவந்தது. ஊரே அந்தக் கவிதையைக் கொண்டாடியது. இது இவன் சரக்கில்லை, செத்துப்போன எவனிடமோ திருடியது என்று சிலர் காதைக் கடித்தார்கள். பிளெத்னிகோவ் புகழையும் பழியையும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டான். எது அதிகம் வலித்திருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

புத்தகம் சைபீரியா வந்து சேர்ந்தது. அக்ரஃபேனா ஆவலோடு பிரித்தாள். கவிதை இருந்தது, அடியில் பிளெத்னிகோவின் பெயர். நடந்ததை அவளால் ஊகிக்க முடிந்தது. ஆனால் நிகிதாவுக்கு எப்படிச் சொல்வது? அதிகாரி முன்னால் ஒரு வார்த்தை விட்டால், பிளெத்னிகோவும் விலங்கோடு இங்கே வருவான், அவளையும் ஊருக்குத் துரத்துவார்கள். புத்தகத்தைக் காட்டாவிட்டால், உலகம் மறந்துவிட்டது என்ற நினைப்போடே அவன் போய்விடுவான். பேசாமல் கொடுத்தாலோ, மிச்சமிருந்த ஒரே உடைமையையும் கட்டிய மனைவியே ஒரு கோமாளிக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்று நினைப்பான். அன்றே மூச்சு நின்றாலும் நிற்கும்.

சந்திப்புக்கு அழைத்துவிட்டார்கள். புத்தகம் அவள் சால்வைக்குள் இருக்கிறது. வாசகரே, அவள் அதைக் கொடுப்பது சரியா, மறைப்பது சரியா?

கொடுப்பதே சரி. அந்தக் கவிதை இருந்தது ஒரே ஒருத்தியிடம். அவள் தராமல் அது அச்சேறியிருக்க வழியில்லை. நிகிதாவின் பெயரில் அச்சேறவும் வழியில்லை. துரோகம் செய்தவள் புத்தகத்தை மறைப்பாளே தவிர, தானே கொண்டுவந்து உரியவன் கையில் வைக்க மாட்டாள். ஆகவே அவள் எதையும் விளக்க வேண்டியதில்லை, மறைக்காமல் இருந்தால் போதும். அக்ரஃபேனாவுக்கு அந்த நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஓடவில்லை. சால்வையிலிருந்து எடுத்து நீட்டினாள், அவ்வளவுதான். நிகிதா கவிதையைப் படித்தான், பெயரைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு, குளிர்காலம் முழுக்கத் திறக்காத வாயைத் திறந்து, அதிகாரிக்கும் நன்றாகக் கேட்கும்படி, தெளிவான ருஷ்ய மொழியில் சொன்னான்: "பிளெத்னிகோவ் பெரிய கவிஞன். நான்தான் இத்தனை நாளா தெரிஞ்சுக்கலை."