மூலையில் இருந்த குருவி

தொலைக்காட்சித் திரைக்கு நான்கு மூலைகள். நாவலூத்து டிவியின் வலது மேல் மூலையில் ஒரு காலத்தில் ஒரு குருவி உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்திருந்தது, அவ்வளவுதான். வேறு வேலை கிடையாது. அந்த டிவியின் சின்னம் அது. சின்னத்துக்குச் சம்பளமும் இல்லை, லீவும் இல்லை.

டிவியை ஆரம்பித்தவர் சொரிமுத்து. வீடு வீடாகக் கேபிள் இழுத்துக்கொண்டிருந்த ஆள். மாட்டுச் சந்தை, கோயில் கொடைத் திருவிழா, பேரூராட்சிக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது என்று எல்லாவற்றையும் படம் பிடித்து ஊருக்கே திருப்பிக் காட்டினார். ஊருக்குத் தன் முகத்தைத் தானே பார்ப்பதில் ஒரே சந்தோஷம்.

செய்தி வாசிக்கும் பெண்ணின் காதுப் பக்கமாகத்தான் குருவிக்கு இடம் விழுந்தது. அதனால் ஊரில் என்ன நடந்தாலும் குருவி பார்த்தது ஒரு காதையும் ஒரு கம்மலையும்தான். ஆனாலும் பெருமை குறையவில்லை. "நான் இல்லாட்டி இது எந்த டிவின்னு எவனுக்குத் தெரியும்?" என்று மொட்டைமாடிக் குடையிடம் தினமும் கேட்கும்.

குடை என்றால் மழைக்குப் பிடிக்கிற குடை இல்லை. வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்கும் டிஷ். "ஆமா, நீதான் தூக்கி நிறுத்துத" என்று சொல்லிவிட்டு அது வெயிலில் கண்ணை மூடிக்கொள்ளும்.

திரையின் அடியில் ஒருத்தி ஓடிக்கொண்டே இருப்பாள். எழுத்து வரி. ஊரில் அவளை ஸ்க்ரோலிங் என்பார்கள். காலமானார், காதணி விழா, கறவை மாடு காணவில்லை, நாளை மின்தடை. ஒரு சேதி முழுசாக ஓடி முடிந்து, திரை ஓரத்தில் நின்று மூச்சு வாங்கி, அடுத்ததைத் தூக்கிக்கொண்டு வருவாள்.

குருவி அவளை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. "ஓடு அக்கா, ஓடு. நாங்க மேல இருந்து பாத்துக்கிடுதோம்."

"நீ என்னத்தப் பாத்த? ஒரு காதைப் பாத்த" என்பாள் ஸ்க்ரோலிங், நிற்காமல்.

கொஞ்ச காலத்தில் ஊருக்குத் தன் முகம் சலித்துவிட்டது. "சொரிமுத்து அண்ணாச்சி, எத்தனை நாளைக்கு மாட்டையே காட்டுவீரு? படம் போடும், சீரியல் போடும்" என்றார்கள். அதற்கெல்லாம் அவர் எங்கே போவார்? பெரிய கம்பெனி ஒன்றோடு கைகோத்தார். சினிமாவும் சீரியலும் கம்பெனி தரும். ஊருக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது சொரிமுத்து. சாயந்திரம் ஒரு மணி நேரம் மட்டும் ஊர்ச் செய்தி.

கம்பெனியின் சின்னம் யானை. குடை வழியாக இறங்கி, நேராக வலது மேல் மூலைக்கு வந்தது.

"தம்பி, கொஞ்சம் தள்ளி உட்காரேன்."

யானை அப்படிக் கேட்டால் தள்ளாமல் என்ன செய்ய முடியும்? குருவி இடது மேல் மூலைக்குப் போனது. இப்போது அந்தப் பெண்ணின் மற்றக் காது. யானை கெட்டது இல்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். அது கொண்டுவந்த சீரியலில் தினமும் யாராவது அழுதார்கள், ஊரும் கூடச் சேர்ந்து நிம்மதியாக அழுதது. ஆனால் பக்கத்து ஊரில் பெரிய கேபிள்காரர் ஒருவர் கூப்பிட்டதும் யானை எழுந்து போய்விட்டது. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

குருவி பழைய மூலைக்குத் திரும்பலாம் என்று இறகை உதறியது. அதற்குள் அடுத்த கம்பெனியின் சேவல் வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது. தனியாகவும் வரவில்லை. விளம்பரக்காரரின் தலைத்தைல பாட்டில் ஒன்றையும் கூட்டிவந்து இடது பக்கம் உட்கார வைத்தது. குருவி கீழ் மூலைக்கு இறங்கியது.

"எப்பா, நம்ம தெருவுக்கே வந்துட்டீரே!" என்றாள் ஸ்க்ரோலிங்.

குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

சேவல் ஒரே நகைச்சுவைக் காட்சியைக் காலையிலும் கூவியது, மதியத்திலும் கூவியது. ஒருநாள் கூவவே இல்லை. கம்பெனி மூடியாயிற்று. திரை முழுக்க வெறும் நீலம். "என்ன அண்ணாச்சி, டிவில வானத்தைக் காட்டுதீரா?" என்று டீக்கடையில் சொரிமுத்துவைக் கேலி செய்தார்கள். பாதி வீடுகள் கேபிளைப் பிடுங்கப் போவதாக மிரட்டின.

அந்த நேரத்தில்தான் பருந்து வந்தது. செய்திக் கம்பெனி. எல்லாமே சிவப்பு, எல்லாமே அவசரம். தும்மினால்கூட 'சற்று முன்' என்று தும்மும். நான்கு மூலைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது.

"இந்த மூலை எனக்கு. இது கடிகாரத்துக்கு. இங்கே 'நேரலை'ன்னு போடணும். அந்த மூலையில சென்னை வெயில்."

"சென்னை வெயில் எங்களுக்கு எதுக்கு?" என்றது குருவி.

"நீ யாரு?"

"இந்த டிவியோட சின்னம்."

"அப்படியா? இன்னைக்குச் சாயந்திரச் செய்தி முடிஞ்சதும் இதை அழிச்சிடுங்க."

சொரிமுத்து தலையைச் சொறிந்தார். பருந்தும் போனால் மறுபடி நீலம்தான். குருவி இருந்த பக்கம் பார்க்காமல் வயரைச் சுருட்ட ஆரம்பித்தார். அது குருவிக்கு நன்றாகவே புரிந்தது. கம்ப்யூட்டருக்குள் ஓர் இருட்டு மூலையில் போய் ஒடுங்கிக்கொண்டது. சாயந்திரம் வரைக்கும் உயிர் இருக்கும். அதற்குப் பிறகு ஒரு பொத்தான்.

பருந்து ஸ்க்ரோலிங்கையும் விடவில்லை. "பாதி நேரம் எனக்கு வேணும். நின்னு மூச்சு வாங்குறதெல்லாம் இனிமேல் கிடையாது. காலி இடம் கண்டா வெட்டிடுவேன். எல்லாத்தையும் ஒரே மூச்சுல ஓட்டு."

ஓட்டினாள். மதியம் ஊர் முழுக்கப் படித்தது இதுதான்: "மேலத்தெரு ஓய்வுபெற்ற தபால்காரர் உச்சிமாகாளி காலமானார் என்பதில் மகிழும் நண்பர்கள் குழு கீழத்தெரு மணமகள் செல்வி ராஜகனி காணவில்லை கறவை மாடு ஒரு கொம்பு உடைந்தது."

'என்பதில்' எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. இடத்தைப் பருந்து வெட்டிய வேகத்தில் எந்தச் சேதியின் வாலோ வந்து ஒட்டிக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு குடும்பமும் டிவி ஆபீஸ் படியேறி வந்துவிட்டது. தபால்காரரின் மருமகன் கண் சிவந்து நின்றார். "எங்க மாமா போனதுல மகிழுத நண்பர் யாரு? பேரைச் சொல்லும், போதும்."

மணமகளின் சித்தி அவரைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "எங்க பிள்ளை வீட்டுலதான் இருக்கா! கொம்பு உடஞ்சதாம்லா! யாருக்குய்யா கொம்பு?"

சேதிகளைத் தட்டச்சு செய்பவள் ஜெபக்கனி. அவளுக்கு அழுகை முட்டியது. "நான் இடம் விட்டுத்தான் அடிக்கேன். பருந்து வெட்டிருது. நான் என்ன செய்ய?"

ஸ்க்ரோலிங் மூச்சிரைக்க நின்றாள். இருட்டில் இருந்த குருவி மெதுவாகக் கூப்பிட்டது.

"அக்கா."

"என்ன?"

"காலி இடத்தைத்தான் வெட்டுது. நடுவுல நான் நின்னா?"

"மேல இருந்து பாக்குதவுகளாச்சே நீங்க?"

"சரி, தப்புத்தான். இப்பக் கேலி பண்ணாத. சாயந்திரம் என்னை அழிச்சிருவாவ."

ஸ்க்ரோலிங் அடுத்த சேதியைத் தூக்கிக்கொண்டாள். "ஓடணும். தெரியும்லா? இங்க யாரும் உக்கார முடியாது."

"ஓடுதேன்."

ஜெபக்கனி குருவியைச் சுருக்கி, எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தாள். பருந்து மேலேயிருந்து அதட்டியது. "ஏய், மூலையில உட்காரப் போறியா?"

"மூலைக்கு வரமாட்டேன்."

"அப்ப எங்க வேணா போ. அடியில ஓடுறதை எவன் பார்க்கப் போறான்?"

குருவி ஓடியது. முதலில் தலை சுற்றியது. பிறகு கண்ணைத் திறந்து மேலே பார்த்தது. செய்தி வாசிக்கும் பெண்ணுக்கு ஒரு மூக்கு இருந்தது! இரண்டு காதுக்கும் நடுவே ஒரு முழு முகம். இத்தனை வருஷமாக இதைப் பார்க்காமல் என்னத்தைப் பார்த்தோம் என்று குருவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தபால்காரரின் சேதி தனியாகப் போனது. பின்னால் குருவி. அதற்குப் பின்னால் கல்யாணம். மறுபடி குருவி. அதற்குப் பின்னால் மாடு. எதிர்க் கடை டிவியில் இரண்டு குடும்பமும் நின்று பார்த்தது.

"ம். இப்பச் சரி" என்றார் மருமகன். சித்தியும் கொண்டையை முடிந்துகொண்டு கிளம்பினாள்.

ஜெபக்கனி கொஞ்சம் யோசித்து, தபால்காரரின் சேதிக்குப் பின்னால் இன்னொரு குருவியையும் சேர்த்தாள்.

"ரெண்டு எதுக்கு? நான்தானே ரெண்டு தடவை ஓடணும்!" என்றது குருவி.

"செத்த சேதியைப் படிச்ச உடனே கல்யாணத்தைப் படிக்க மனசு வருமா? ஒரு குருவி போற நேரம் கூடக் குடுக்கணும்லா."

அதுவே வழக்கமாகிவிட்டது. சாவுக்கு இரண்டு குருவி, மற்றதற்கு ஒன்று. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள், "ஐயோ, ரெண்டு குருவி போச்சே, யாருன்னு பாக்கலியே" என்று கரண்டியோடு வந்து அடுத்த சுற்றுக்குக் காத்து நிற்பார்கள். பருந்து மேலே என்னென்னவோ கத்தியது. ஊர் கீழேதான் பார்த்தது.

குருவிக்கு ஓடி ஓடி மூச்சு பழகிவிட்டது. யார் வீட்டில் விசேஷம், எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, எல்லாம் தெரிந்தது. ஸ்க்ரோலிங்கும் அதுவும் போகிற போக்கில் அரட்டை அடித்தார்கள்.

ஒருநாள் பருந்தையும் யாரோ வாங்கி, யாருக்கோ விற்று, கடைசியில் மூடிவிட்டார்கள். குடை அதைக் கேட்டு ஒரு கொட்டாவி விட்டது. கடிகாரம், நேரலை, சென்னை வெயில் எல்லாம் பருந்தோடு கிளம்பின. நான்கு மூலையும் காலி.

இந்தத் தடவை யாரும் கேபிளைப் பிடுங்கப் போவதாக மிரட்டவில்லை. அடியில் சேதி ஓடிக்கொண்டிருந்தது, போதும் என்றார்கள். சொரிமுத்துவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏட்டி ஜெபக்கனி, குருவியை மேல ஏத்து. பழைய மூலைல, நல்லாப் பெருசா! பாவம், எத்தனை வருஷம் கீழேயே கெடந்துட்டு."

வலது மேல் மூலையும் கூப்பிட்டது. "வா, வா. உன் இடம் அப்படியே இருக்கு. வந்து உக்காரு."

குருவி ஓடிக்கொண்டே நிமிர்ந்து பார்த்தது. முன்னால் ஒரு காதணி விழா போய்க்கொண்டிருந்தது. பின்னால், காணாமல் போன மாடு ஒன்று கிடைத்துவிட்ட சேதி காத்திருந்தது.

"இந்தா வந்துட்டேன். கீழத்தெருவுக்கு நாளைக்குத் தண்ணி வராதாம், அதை மட்டும் சொல்லிட்டு வந்துருதேன்."

வலது மேல் மூலை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.