மணல்மேட்டு நெருப்பு

பிள்ளைகளே, கப்பல்கள் பாயை நம்பி ஓடிய காலத்தில், தென்கடலோரத்தில் ஒரு சிறு கிறிஸ்தவக் குப்பம் இருந்தது. அங்கே ஓலை வேய்ந்த ஓர் ஆலயம். அதற்குச் சந்தியாகு என்றோர் உபதேசியார்.

அவருக்குக் கரகரத்த குரல். அவர் பாட்டெடுத்தால் கூரைக் காகங்கள் பறந்துவிடும். ஆயினும் பிரசங்கம் முடிந்ததும், "வேதத்தைத் திறந்து பாருங்கள், நான் பிசகியிருந்தால் என் காதைத் திருகுங்கள்" என்பார். மீனவன் மிக்கேலின் மனைவி சவேரியாள் அவரிடம்தான் எழுத்துக் கற்றாள். ஒருமுறை அவர் காதை மெய்யாகவே திருகியும் இருக்கிறாள்.

அக்குப்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளங்கள் கடலில் இருக்கும்போது வானம் இருண்டால், அன்றைய முறைக்காரர் மணல்மேட்டில் பனையோலை எரிக்கவேண்டும். பாறைகளுக்கு நடுவே கரைக்கு ஒரே ஒரு வழிதான். அந்த நெருப்பைக் குறிவைத்தே வள்ளங்கள் அதில் நுழையும்.

அப்படியிருக்க, சிலுவையடியான் என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு போதகர் வந்து சேர்ந்தார். வெள்ளை அங்கி, தேனான பேச்சு. அவர் அழுதால் சபையே அழுதது. சவேரியாள் உருகிப்போய், வீட்டிலிருந்த நல்ல மீனையெல்லாம் அவருக்கே குழம்பு வைத்தாள்.

முதல் வாரம் அவர் சொன்னார்: "வேதம் உங்களுக்குக் கடினம். பொருளை நான் சொல்கிறேன், நீங்கள் புரட்டவேண்டாம்." சவேரியாள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

இரண்டாம் வாரம் சொன்னார்: "சந்தியாகு விசுவாசத்தில் குளிர்ந்துபோனவர். அவரோடு உறவு வேண்டாம்." சவேரியாள் அவரைக் கண்டால் வேறு பாதையில் நடந்தாள்.

மூன்றாம் வாரம் சொன்னார்: "கர்த்தர் வழிகாட்டமாட்டாரா? மேட்டில் நெருப்பு மூட்டுவது அவிசுவாசம்." சபை ஆமென் என்றது. சவேரியாளும் ஆமென் என்றாள்.

அந்த வாரமே ஒரு மாலையில் கடல் கறுத்துப் பொங்கியது. மிக்கேல் கடலில் இருந்தான். அன்று முறைக்காரி சவேரியாள். ஓலைக்கட்டு முற்றத்தில் கிடந்தது. அவள் அதை எடுக்கக் குனிந்தாள்.

வாசலில் சிலுவையடியான் வந்து நின்றார். "தொடாதே, மகளே! நீ நெருப்பு வைத்தால் உன் அவிசுவாசமே அவனை மூழ்கடிக்கும்."

சவேரியாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஐயா, இது வேதத்தில் எந்த இடத்தில் இருக்கிறது? காட்டுங்கள்."

"கேள்வி கேட்பது பிசாசின் வேலை."

"அப்படியானால் உபதேசியார் முன்னால் இதைச் சொல்வீர்களா?"

"அந்தக் கிழவன் முகத்தில் நான் விழிக்கமாட்டேன்."

"சரி ஐயா. கரையில் எங்கள் சின்ன வள்ளம் இருக்கிறது. நெருப்பு வேண்டாம், நான் துடுப்புப் போடுகிறேன், நீங்கள் ஏறி உட்காருங்கள். கர்த்தர் நம் இருவருக்கும் வழிகாட்டட்டும்."

போதகர் இரண்டடி பின்வாங்கினார். "என் உயிர் சபைக்குத் தேவையானது, அம்மா."

"என் வீட்டுக்காரர் உயிர் யாருக்கும் தேவையில்லையோ?" என்றாள் சவேரியாள். ஓலைக்கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மேட்டில் ஏற்கெனவே ஒரு சிறு நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. சந்தியாகு தம் வீட்டுக் கூரையைப் பிய்த்து எரித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் இருமிக்கொண்டே, "வந்தாயா, தாயே! இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என் கட்டிலும் போயிருக்கும்" என்றார்.

அவள் அழுதாள், சிரித்தாள், ஓலையைப் போட்டாள். நெருப்பு ஓங்கி எழுந்தது. ஒன்றன்பின் ஒன்றாக வள்ளங்கள் பாறைவழி நுழைந்தன. கடைசி வள்ளத்தில் மிக்கேல் இருந்தான்.

ஞாயிறன்று சிலுவையடியான், "என் ஜெபமே இவர்களைக் கரைசேர்த்தது" என்று தொடங்கினார்.

மிக்கேல் எழுந்தான். "ஜெபித்தது நல்லது, ஐயா. ஆனால் கடலிலிருந்து எங்களுக்குத் தெரிந்தது நெருப்புத்தான்."

சபை சிரித்தது. சவேரியாள் மூடிவைத்த வேதத்தை எடுத்து மடியில் விரித்தாள். போதகரை யாரும் அடிக்கவில்லை. வழிக்குச் சோறு கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பொட்டலத்தில் ஒரு துண்டு மீன்கூட இல்லை. அன்று பிற்பகலே குப்பத்தார் எல்லாரும் கூடி உபதேசியார் வீட்டுக்குப் புதுக்கூரை வேய்ந்தார்கள்.

ஆகையால் பிள்ளைகளே, தன் சொல்லைச் சோதித்துப் பார்க்க இடங்கொடாமல், தான் ஏற்காத ஆபத்தைப் பிறர்மேல் சுமத்துகிறவன், எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் மெய்யான போதகன் அல்லன்.