சிவப்புல பொண்ணு, பச்சையில மாப்பிள்ளை

ஓணாங்குளத்துக்காரங்க சொன்ன சொல்லைத் தட்ட மாட்டாங்க. அந்த ஊருக்கு இருந்த ஒரே வியாதி அதுதான். ரெண்டாவது வியாதி அப்புறமா உலகத்தோட சேந்து வந்துச்சு.

அந்தச் சமயத்துல சுகாதார ஆபீஸ் அம்மா ஒருத்தங்க வந்து, "இந்தாங்க டேப்லெட்டு, ஊருக்கு ஒண்ணுதான்"னு தலைவர் ஆவுடையப்பன் கையில குடுத்தாங்க.

தலைவர் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. "இம்புட்டு அகலமா இருக்கே, எப்படிம்மா முழுங்க? சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அந்தம்மா கண்ணை மூடித் தொறந்தாங்க. "இது மாத்திரை இல்ல. உள்ள மேப்பு இருக்கு. நோய் எங்க இருக்கு, அதால எங்க பஸ் நின்னுச்சு, யாருக்கு வேலை போச்சு, எல்லாம் காட்டும். வீட்டுக்கு ஒருத்தர், வீட்டுல நோய் இருக்கா இல்லையான்னு, நீங்க இருக்கிற எடத்துல நின்னு தொட்டுச் சொல்லுங்க. நோய் ஜாஸ்தின்னா ஊர் சிவப்பு. இல்லைன்னா பச்சை."

ஊரே தொட்டுச் சொல்லுச்சு. ஊர் செக்கச்செவேல்னு ஆயிப்போச்சு.

இதுல வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டது பேச்சிமுத்து. மக செண்பகத்துக்கு ஆனி கடைசி வெள்ளிக்கிழமை முகூர்த்தம். ஊர் சிவப்பான அன்னிக்கே சம்பந்தி கோமதிநாயகம் போன்ல வந்துட்டாரு. "அண்ணாச்சி, மேப்புல உங்க ஊரு மொளகாப்பழமா இருக்கு. முகூர்த்த வெள்ளிக்கெழமைக்குள்ள பச்சையானா வாரோம். இல்லையா, வேற எடம் பாத்துக்கிடுதோம்."

பேச்சிமுத்து ஓடிப்போயி டேப்லெட்ல இருந்த சிவப்பை வெரலால அழுத்தித் தேச்சாரு. போகல. வேடிக்கை பாத்த கூட்டத்துல இருந்து பக்கத்து வீட்டு எசக்கி அலறினான்: "அண்ணாச்சி! சிவப்பைத் தொட்டுட்டீரே! பதினாலு நாளு தனியா இருக்கணும்லா?"

"நான் எங்கவே தொட்டேன்? வெரல்தானே தொட்டுச்சு."

தலைவர் ரொம்ப நேரம் யோசிச்சாரு. "நியாயம். வெரல் மட்டும் தனியா இருக்கட்டும்."

ஒரு வாரம் பேச்சிமுத்து வீட்டுக்குள்ள, அவர் ஆள்காட்டி வெரல் ஜன்னலுக்கு வெளிய. போறவங்க வாரவங்க எல்லாம் வெரல்கிட்ட "இப்ப எப்படி இருக்கு?"ன்னு விசாரிச்சுட்டுப் போனாங்க. பொண்டாட்டி அதுக்கு மட்டும் தனியாக் கஷாயம் வச்சு ஊத்துனா.

முகூர்த்தத்துக்குப் பத்து நாள் இருக்கையில, ஜன்னல் வழியா டேப்லெட்டை நீட்டுனான் எசக்கி. "அண்ணாச்சி, இங்க பாரும். நம்ம ஊரு சிவப்பு. பக்கத்துல வத்திக் கெடக்கிற குளம் பச்சை. ஏன்?"

"ஏன்?"

"குளத்துல நல்ல காத்து."

அன்னிக்கே ஊரு மொத்தமும் சட்டி பானையோட குளத்துக்குள்ள குடிபோச்சு. பச்சையைத் தொட்டா தோஷமில்லைன்னு வெரலுக்கும் விடுதலை. போனவங்க அங்கயும் சொன்ன சொல்லைத் தட்டாம, இருக்கிற எடத்துல நின்னு வீட்டுக்கு ஒருத்தர் தொட்டாங்க.

ஒரு வாரத்துல குளம் சிவப்பு. ஊரு பச்சை!

"ஊர் பச்சையாயிருச்சு, சம்பந்தி!" போன்ல கத்துன பேச்சிமுத்துக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

வெள்ளிக்கிழமை காலையில மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வேன்ல வந்து எறங்குனாங்க. ஊர்ல ஒரு ஈ காக்கா இல்ல. குளத்தங்கரை வரைக்கும் வந்து கோமதிநாயகம் குரல் குடுத்தாரு. "பொண்ணு எங்கவே?"

"சிவப்புல இருக்கா!"

"சரி, கூட்டிட்டு வாரும்!"

"எப்படிக் கூட்டிட்டு வர? நாங்க வந்தா பச்சை கெட்டுப்போவும். நீங்க வந்தா நீங்க கெட்டுப்போவீங்க!"

சம்பந்திக்கு அது ரொம்ப சரியாப் பட்டுச்சு. அதனாலதான் அந்த ரெண்டு குடும்பத்துக்கும் பொருத்தம் பாக்கையில பத்துக்குப் பத்து வந்துச்சு போல.

முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரம். செண்பகம், "அப்பா, அந்த ஆபீஸ் அம்மாவையே கேளுங்க"ன்னா. பேச்சிமுத்து போன் போட்டாரு. "அம்மா, இந்தக் கல்யாணத்தை மேப்புல எங்க வைக்கணும்?"

அந்தம்மா ஏதோ மீட்டிங்ல இருந்தாங்க போல. மெதுவாச் சொன்னாங்க: "கல்யாணம், சடங்கு இதெல்லாம் கீழ வராதுங்க. மேப்புல மேல் அடுக்குக்குப் போங்க. அங்க சிவப்பு பச்சையே கெடையாது."

பேச்சிமுத்து போனை வச்சுட்டு அண்ணாந்து பாத்தாரு. கரையில பெரிய மருதமரம்.

பொண்ணு வீடு குளத்துப் பக்கமா ஏறுச்சு. மாப்பிள்ளை வீடு ஊர்ப் பக்கமா ஏறுச்சு. நாதஸ்வரக்காரரைக் கயிறு கட்டித் தூக்குனாங்க. மேளக்காரரு கெளைக் கவட்டையில மாட்டிக்கிட்டே கெட்டிமேளம் தட்டுனாரு. சொன்ன நேரம் தப்பாம தாலி ஏறிருச்சு.

"எறங்குவோமா?"ன்னாரு கோமதிநாயகம்.

"எறங்கலாம். எந்தப் பக்கம்?"ன்னாரு பேச்சிமுத்து.

அதைப் பேசி முடிக்கத்தான் நாளாயிட்டு. அதுக்காக மொறையை விட முடியுமா? மூணாம் நாளு வடக்குக் கொம்புலேருந்து தெக்குக் கொம்புக்குப் பொண்ணு மாப்பிள்ளை மறுவீடு வந்தாங்க. பேச்சிமுத்து ஒரு கையால கெளையைப் பிடிச்சுக்கிட்டு, மறு கையால எலையை விரிச்சாரு.

"வாங்க மாப்ளே, வாங்க. வீடு கொஞ்சம் ஆடும், பாத்து உக்காருங்க."