சுடலைமுத்துவின் நம்பர்

நஸ்ரினுக்கு இருபத்தொன்பது வயது. அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த அருள்தாசுக்கு நாற்பத்தெட்டு.

அருள்தாஸ் இருபத்திரண்டு வருஷம் திருநெல்வேலிப் பக்கம் ஒரு நாளிதழுக்கு நிருபராக இருந்தவர். பதிப்பை மூடிவிட்டார்கள். மதுரையில் நஸ்ரின் நடத்திய செய்தி இணையதளத்தில் ஓராண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தார். வீடியோ வெட்டுவதிலிருந்து தலைப்பு வைப்பதுவரை எல்லாம் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். முதல் வாரம் விளையாட்டாக "டீச்சர்" என்று கூப்பிட்டார். அதுவே நிலைத்துவிட்டது.

ஒப்பந்தம் முடிய இன்னும் பதினோரு நாள் இருந்தது. அப்போதுதான் மதுரையில் டிஜிட்டல் பத்திரிகையாளர் மாநாடு வந்தது. சென்னையில் பெரிய தளம் ஒன்றின் தலைமை ஆசிரியர் விஸ்வேஸ்வரன் பேச வருகிறார், தென் மாவட்டங்களுக்கு ஆள் தேடுகிறார் என்று பேச்சு அடிபட்டது.

மாநாட்டு நாள் காலையில் அருள்தாஸ் புதுச்சட்டையோடு அலுவலகத்துக்கு வந்தார்.

"டீச்சர், திறமை மட்டும் பத்தாதாம். நாலு பேருக்கு நம்மளத் தெரியணுமாம். அதுக்கு என்ன செய்யணும்?"

நஸ்ரின் திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"போயிட்டு வாங்கண்ணே. வந்து கேளுங்க."

"போறதுக்கு முன்னாடி தெரிஞ்சாத்தானே..."

"பஸ் போயிடும்."

மண்டபத்தில் இருநூறு பேர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் விஸ்வேஸ்வரனைச் சுற்றி வரிசையே நின்றது. அருள்தாஸ் சாப்பிடப் போகவில்லை. முக்கால் மணி நேரம் நின்று மூன்றாவது ஆளாக முன்னேறியிருந்தார். என்ன சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் நாலு தடவை ஒத்திகை பார்த்துவிட்டார்.

அப்போது மண்டபத்தில் எல்லாருடைய போனும் ஒரே நேரத்தில் அதிர்ந்தது.

வீடியோ. கரை உடைந்து, செம்மண் வெள்ளம் வீடுகளுக்குள் பாய்கிறது. கீழே ஒரே வரி: 'செவலோடைக் குளம் உடைந்தது.'

தட்டுகளை அப்படியே வைத்துவிட்டு ஆளாளுக்கு ஓடினார்கள். லேப்டாப்புகள் திறந்தன. வரிசைக்குப் பக்கத்தில் நின்ற ரோஸ்லின் என்ற நிருபர், இன்னொரு தளத்துப் பெண், போனைக் காதில் வைத்தபடி கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"சார், அஞ்சு நிமிஷம் குடுங்க. இது பழைய வீடியோ மாதிரி இருக்கு சார்... இல்ல சார், உறுதியாச் சொல்ல முடியல."

போனை வைத்துவிட்டுச் சத்தமாகவே கேட்டாள். "செவலோடையில யாருக்காவது யாரையாவது தெரியுமா?"

ஒன்றிரண்டு பேர் உதட்டைப் பிதுக்கினார்கள். வரிசையில் முன்னால் நின்றவர் நகர்ந்தார். இன்னும் ஒரே ஒரு ஆள்தான்.

அருள்தாஸ் வரிசையை விட்டு வெளியே வந்தார்.

"எனக்குத் தெரியும்மா."

திருநெல்வேலிப் பக்கத்துச் செவலோடைக் குளத்து மடைகளைத் திறந்து மூடும் லஸ்கர் சுடலைமுத்து. பதினாறு மழைக்காலங்கள், தினமும் காலை ஆறு மணிக்கு அவருக்கு போன் போட்டுத்தான் அருள்தாஸ் குளத்தின் நீர்மட்டத்தைப் பத்திரிகையில் போட்டார்.

அருள்தாஸ் கூப்பிட்டார். இரண்டாவது மணியிலேயே சுடலைமுத்து எடுத்தார். காற்றும் இரைச்சலும்.

"அண்ணாச்சி! நான் கரைமேலதான் நிக்கேன். கரை கல்லு மாதிரி இருக்கு. எவனோ கிளப்பி விட்டுட்டான். சனமெல்லாம் பிள்ளையளத் தூக்கிக்கிட்டு ஓடுது. தரைப்பாலத்துல இடுப்பளவு தண்ணி இழுக்கு. அதுல எறங்கினா அம்புட்டுத்தான். நான் கத்துறது ஒருத்தனுக்கும் கேக்கல. ஏதாவது செய்யுங்க அண்ணாச்சி!"

"லைன்லயே இரும், சுடலை. வீடியோவப் போட்டுக் கரையக் காட்டும்."

ரோஸ்லினின் போனை வாங்கி நஸ்ரினை அழைத்தார்.

"டீச்சர், குளம் உடையல! ஆளு கரைமேல நிக்காரு. இங்க என்கிட்ட மட்டும்தான் இருக்கு. முதல்ல நம்ம தளத்துல போட்டுருவோமா?"

"அந்த ஊர்ல எந்தத் தளம் பாப்பாங்க?"

"அது... ஆளுக்கு ஒண்ணு பாப்பாங்க."

"அங்க எத்தனை தளத்துக்காரங்க இருக்காங்க?"

அருள்தாஸ் மண்டபத்தைப் பார்த்தார். திரும்பப் பேச வாயெடுத்தபோது நஸ்ரின் போனை வைத்துவிட்டிருந்தாள்.

அவர் மேடைக்கு ஓடினார். 'உங்கள் பெயரைப் பிரபலமாக்குவது எப்படி' என்று அடுத்துப் பேச வேண்டியவர் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். அருள்தாஸ் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்.

"குளம் உடையல! மடைக்காரர் கரைமேல நிக்காரு, வீடியோவுல காட்டுதாரு. எல்லாரும் எடுத்துக்கோங்க. தரைப்பாலத்துல யாரும் இறங்கக் கூடாதுன்னு போடுங்க. இதோ அவர் நம்பர்."

ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். தன் பெயரைச் சொல்ல மறந்துவிட்டார்.

ரோஸ்லின் அந்த அழைப்பை மேடைத் திரைக்கு மாற்றினாள். திரை முழுக்கச் சுடலைமுத்துவின் நனைந்த முகம். பின்னால் உடையாத கரை. இருநூறு போன்கள் மேலே எழுந்தன.

"போட்டாச்சு!" என்று ஒரு மூலையில் சத்தம். "எங்களதுலயும் போட்டாச்சு!" "நேரலையில போகுது!"

சுடலைமுத்து கேமராவைத் தரைப்பாலத்தின் பக்கம் திருப்பினார். இக்கரையில் கூட்டம் முண்டிக்கொண்டு நின்றது. தோளில் குழந்தையோடு ஒருவன் தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். தொடை வரை தண்ணீர். இன்னும் ஓர் அடி வைத்தான்.

"வேண்டாம், வேண்டாம்" என்று ரோஸ்லின் திரையைப் பார்த்துச் சொன்னாள்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டு அவனை நோக்கி ஓடினாள். அவள் வாய் அசைந்தது. பக்கத்தில் இன்னொருவர் போனைப் பார்த்தார். அப்புறம் இன்னொருவர். தண்ணீரில் நின்றவன் திரும்பிப் பார்த்தான். நின்றான். பிறகு ஒவ்வோர் அடியாகக் கரைக்கு ஏறினான்.

மண்டபம் அதிர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். ரோஸ்லின் அழுதுகொண்டே சிரித்தாள். அருள்தாஸ் மைக்கைப் பிடித்தபடி மேடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

எழுந்து தேடியபோது விஸ்வேஸ்வரன் விமானத்துக்குக் கிளம்பிப் போயிருந்தார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் அருள்தாஸ் எல்லாவற்றையும் ஒரு முறை சொன்னார். தரைப்பாலத்தை மட்டும் மூன்று முறை சொன்னார். மேசைக்கு மேசை போய், அந்தக் குழந்தை தோளில் எப்படி உட்கார்ந்திருந்தது என்று நடித்துக் காட்டினார். பிறகு நஸ்ரினுக்கு எதிரே உட்கார்ந்தார். குரல் இறங்கியது.

"வரிசையில எனக்குப் பின்னாடி நின்ன பையனுக்கு அந்த வேலை கிடைச்சிருச்சாம், டீச்சர்."

"ம்."

"ஒருத்தர்கிட்டயும் நான் யாருன்னு சொல்லல. கூட்டத்துல அத்தனை பேர்கிட்டயும் சுடலைமுத்து நம்பர் இருக்கு. என் நம்பர் ஒருத்தர்கிட்டயும் இல்ல. நாலு பேருக்குத் தெரியணும்னுதானே போனேன்?"

அருள்தாசின் போன் அடித்தது.

"அண்ணாச்சி, சுடலை பேசுதேன். நேத்துலேருந்து அறுபது பேரு கூப்பிட்டாவ. யார் யாருன்னு தெரியல, கும்பிட்டு வச்சிட்டேன். இப்ப நெசமாவே ஒரு சேதி. மேல மலையில நல்ல மழை. பதினோரு மணிக்கு ரெண்டு மடையத் தொறக்கச் சொல்லி ஆர்டர் வந்துருக்கு. கீழூர்ல சொல்ல ஆளு போயாச்சு. அடுத்த போன் உங்களுக்குத்தான். நேத்து மாதிரி எல்லாருக்கும் போகணும் அண்ணாச்சி."

மணி ஒன்பதே முக்கால். அருள்தாஸ் மேசையில் கிடந்த தாளை இழுத்து, சுடலைமுத்துவிடம் கேட்டுக் கேட்டுப் பரபரவென்று எழுதினார். எத்தனை அடி, எந்தெந்தத் தெரு, எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கலாம். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முகமெல்லாம் வேர்த்திருந்தது. நேற்று தன் நம்பரைத் தந்திருந்த ரோஸ்லினை அழைப்பதற்காக மறுபடி போனை எடுத்தார்.

நஸ்ரின் எழுந்து, தன் கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"பேசிக்கிட்டே டைப் பண்ணுங்கண்ணே. ஆமா, உங்க நம்பர் யார்கிட்ட இல்லன்னு சொன்னீங்க?"